மருந்து எழுத முடியாத மாநிலத்தில் மருந்து எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள்

நியூ ஜெர்சியில் உள்ள ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம், உளவியலாளர்களுக்கு மனநல மருந்துகளைப் பற்றி முறையாகப் பாடம் நடத்தி, அதற்கென்றே ஒரு முதுகலைப் பட்டமும் தரும் திட்டத்தால் பேர் வாங்கிய இடம். ஆனால் அதே நியூ ஜெர்சியில் ஓர் உளவியலாளர் ஒரு தூக்க மாத்திரைகூட எழுதித் தர முடியாது. மாநிலச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நாட்டின் மறுகோடியில், கலிஃபோர்னியாவின் அலையன்ட் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். அங்கே இந்தப் பாடத்தை எடுக்கும் உளவியல் பேராசிரியர், தான் கற்றுக்கொடுப்பதைச் சொந்த மாநிலத்தில் செய்ய அனுமதி இல்லாதவர். இப்படியொரு நிலையில் ஒருவர் இருபது, முப்பது ஆண்டு கல்விப் பணியை எப்படி நடத்துகிறார், எதற்காக நடத்துகிறார் என்று பார்க்கப் போனால், அமெரிக்க மனநல உலகின் முப்பது நாற்பது ஆண்டுச் சண்டை ஒன்று முழுசாக நம் கைக்கு வந்துவிடுகிறது.

யார் யார் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். மனநல மருத்துவர் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரியும் நான்கு ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் வேறு வழியில் வருகிறவர்: இளங்கலைக்குப் பிறகு ஐந்து முதல் ஏழு ஆண்டுவரை முனைவர் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, மேற்பார்வையில் வேலை, அப்புறம் உரிமம். மனநோயைக் கண்டறிவது, சோதனைகள் வைப்பது, பேச்சு வழிச் சிகிச்சை தருவது எல்லாம் அவர் வேலை. மருந்து மட்டும் அவர் கையில் இல்லை. அவரிடம் வாராவாரம் வந்து முக்கால் மணி நேரம் மனம்விட்டுப் பேசும் நோயாளி, மருந்துக்காக வேறொருவரிடம் போய் மாதக்கணக்கில் காத்திருந்து, உள்ளே போனதும் கால் மணி நேரத்தில் வெளியே வருவார். அதுவும் அந்த வேறொருவர் பெரும்பாலும் மனநல மருத்துவராக இருக்க மாட்டார். அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பங்கை எழுதுவது குடும்ப மருத்துவர்கள்தான். 1987 இறுதியில் ஃப்ளூஆக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரை அனுமதி பெற்ற பிறகு இந்தப் போக்கு இன்னும் வேகமெடுத்தது. பழைய மருந்துகளை எழுதப் பயந்த மருத்துவர்களுக்கு இந்தப் புதிய மாத்திரையில் அவ்வளவு பயமில்லை.

கதையின் தொடக்கம் ஹவாயில். 1984-இல் அந்த மாநிலத்தின் செனட்டர் டேனியல் இனோவே, அங்குள்ள உளவியலாளர் சங்கத்தின் கூட்டத்தில் பேசும்போது, மருந்து எழுதும் உரிமையை நீங்கள் ஏன் கேட்கக் கூடாது என்று கேட்டார். அவருடைய அலுவலகத்தில் பல ஆண்டுகள் முக்கியப் பொறுப்பில் இருந்த பேட்ரிக் டிலியோன் உளவியலாளர், வழக்கறிஞரும்கூட. பின்னாளில், 2000-இல், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானவர். அதனால் அந்தப் பேச்சு மேடையோடு முடிந்துவிடவில்லை. ஹவாயில் மசோதாக்கள் வந்தன, தோற்றன. 2007-இல் ஒன்று சட்டமன்றத்தைத் தாண்டியும் ஆளுநர் லிண்டா லிங்கில் வீட்டோ போட்டார். யோசனை பிறந்த மாநிலத்தில் அது சட்டமாகவில்லை, ராணுவத்தில்தான் முதலில் உயிர் பெற்றது.

1991-இல் பாதுகாப்புத் துறை ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. ராணுவத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கும் உளவியலாளர்கள் சிலரை எடுத்து, ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பாடம், வால்டர் ரீட் மருத்துவமனையில் பயிற்சி. முதல் அணி மூன்று ஆண்டு படித்தது. பிறகு அதை ஓராண்டு வகுப்பு, ஓராண்டு மருத்துவமனை என்று சுருக்கினார்கள். 1997-இல் நிறுத்தப்படும்வரை பத்துப் பேர் முடித்து வெளியே வந்தார்கள். பத்தே பத்துப் பேர். செலவு சுமார் 61 லட்சம் டாலர், தலைக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் என்று நாடாளுமன்றத்தின் கணக்குத் தணிக்கை அலுவலகம் எழுதியது. ராணுவத்தில் போதுமான மனநல மருத்துவர்கள் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்டது. அதே அலுவலகம் 1999-இல் திரும்பவும் போய்ப் பார்த்தபோது, பத்துப் பேரும் நன்றாகவே வேலை செய்கிறார்கள் என்று பதிவு செய்தது.

இந்தப் பத்துப் பேரை வைத்து இரு தரப்பும் இன்றுவரை வாதாடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும். ஆனால் அவர்களை வெளியிலிருந்து மதிப்பிட்ட அமெரிக்க நரம்பு-உளமருந்தியல் கல்லூரி என்ற ஆய்வாளர் அமைப்பின் 1998 அறிக்கையை முழுசாகப் படித்தால் வேடிக்கை குறைந்துவிடும். பத்துப் பேரும் பாதுகாப்பாக மருந்து எழுதுகிறார்கள் என்று அது சொல்கிறது. அதோடு நிற்காமல், உடல் மருத்துவ அறிவில் அவர்கள் மனநல மருத்துவர்களைவிடப் பின்தங்கியவர்கள் என்றும், அது நடைமுறையில் தீங்காக முடியவில்லை என்றும் சொல்கிறது. இன்னொன்றும் அதில் இருக்கிறது: குறுக்குவழிப் படிப்புகள் நல்லதல்ல என்பதே அந்தப் பட்டதாரிகளில் அநேகமாக எல்லோருடைய கருத்தும். உள்நோயாளிகளோடு முழுநேரமாக ஓராண்டு இருக்காமல் இது சாத்தியமில்லை என்று அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள்.

பின்னால் வந்த பல்கலைக்கழகப் படிப்புகள் எல்லாம் இந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அவை பெரும்பாலும் பகுதிநேரப் படிப்புகள். மாணவர்கள் முனைவர் பட்டமும் உரிமமும் உள்ளவர்கள், சொந்தமாக கிளினிக் நடத்துகிறவர்கள், பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களை ஓராண்டு முழுக்க மருத்துவமனையில் குடியிருக்கச் சொல்ல முடியாது. ஆகவே இணைய வழி வகுப்பு, மாலை நேரம், வார இறுதி. அமெரிக்க உளவியல் சங்கம் 1995-இல் இந்த உரிமையைக் கொள்கையாக ஏற்று, 1996-இல் மாதிரிப் பாடத்திட்டம் போட்டபோது வகுப்பு நேரம் குறைந்தது 300 மணி என்றது. 2009-இல் அதை 400 ஆக உயர்த்தியது.

சரி, அந்த மணி நேரங்களில் என்னதான் நடக்கிறது? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள் என்று நினைக்கிறார்கள். அது சுலபமான பகுதி. கஷ்டமானது உடம்பு. இப்படி ஒரு கேஸ் வகுப்பில் வைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஐம்பது வயது தாண்டிய ஆண், இருமுனைக் கோளாறு, பல ஆண்டுகளாக லித்தியம் என்ற மருந்தில் நிலையாக இருப்பவர். சில வாரங்களுக்கு முன் குடும்ப மருத்துவர் ரத்த அழுத்தத்துக்கு லிசினோபிரில் ஆரம்பித்திருக்கிறார். இப்போது கை நடுங்குகிறது, வயிறு சரியில்லை, பேச்சில் கொஞ்சம் தடுமாற்றம், மனசு சரியில்லை என்கிறார். முதலில் என்ன கேட்பீர்கள்?

இருபது ஆண்டு அனுபவமுள்ள உளவியலாளருக்கு உடனே வாயில் வருவது, வீட்டில் என்ன பிரச்சினை, வேலை எப்படிப் போகிறது என்கிற கேள்வி. நடுக்கம் அவருக்குப் பதற்றமாகத் தெரியும். அவருடைய தொழில் அப்படித்தான் அவரைப் பழக்கியிருக்கிறது, அதில் குற்றமில்லை. ஆனால் இங்கே கேட்க வேண்டியது ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு, கடைசி டோஸ் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்களா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் க்ரியாட்டினின் என்ன, சோடியம் என்ன, வாந்தி பேதி இருந்ததா, தண்ணீர் குடிக்கிறாரா, மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் ஏதாவது போடுகிறாரா என்பவைதான். லிசினோபிரில் வகை மருந்துகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். லித்தியம் மருந்தாக இருக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இருக்கும் தூரம் மிகக் குறைவு: வழக்கமான அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட், 1.5-ஐத் தாண்டினாலே ஆபத்து. அந்த நோயாளியை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பரிவோடு பேசி அனுப்பினால், அந்த வாரமே அவர் அவசரப் பிரிவுக்குப் போக நேரலாம்.

இன்னொன்று, மனச்சிதைவு நோய்க்கு க்ளோசபின் என்ற மருந்து எடுக்கும் நோயாளி மருத்துவமனையில் சேர்கிறார், அங்கே புகைபிடிக்கத் தடை, சில நாளில் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, எச்சில் ஒழுகுகிறது. டோஸ் மாறவே இல்லை. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் க்ளோசபினை உடைக்கும் நொதியைத் தூண்டிவிடும். புகை நின்றதும் அந்தத் தூண்டுதலும் நின்று, அதே டோஸ் ரத்தத்தில் ஏறிவிடுகிறது. இதற்குக் காரணம் நிக்கோடின் அல்ல, புகைதான், அதனால் நிக்கோடின் பட்டை ஒட்டினாலும் ஒன்றும் மாறாது. இந்த மாதிரி இடங்களில் மாணவர்களுக்குத் தாங்கள் இதுவரை பார்த்த நோயாளிகளில் எத்தனை பேரை அரைகுறையாகப் பார்த்தோம் என்ற கலக்கம் வருவது இயல்பு. மருந்து எழுதும் உரிமை கடைசிவரை கிடைக்காமல் போனாலும் இந்தக் கலக்கம் வீண்போகாது என்பது என் எண்ணம். அப்படிக் கலங்கிய உளவியலாளர் நோயாளியின் குடும்ப மருத்துவருக்குப் போன் போட்டுச் சரியான கேள்வியைக் கேட்பார். இந்தப் படிப்பை முடிப்பவர்கள் எல்லோரும் மருந்து எழுதப் போவதுமில்லை, மருத்துவரோடு சேர்ந்து ஆலோசகராக வேலை செய்வதற்காகவே வந்து படிப்பவர்கள் உண்டு.

மருந்து எழுதும் உரிமை என்பது மருந்தை நிறுத்தும் உரிமையும்தான் என்று இந்த இயக்கத்தினர் அடிக்கடி சொல்வதுண்டு. இது நல்ல வாதம், கொஞ்சம் வசதியான வாதமும்கூட. கையில் பேச்சுச் சிகிச்சையும் இருக்கிறவர் நாலாவது மாத்திரையைச் சேர்க்கும் முன் மூன்றாவதை எடுத்துப் பார்ப்பார் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் காப்பீட்டு நிறுவனம் கால் மணி நேரத்துக்குத்தான் பணம் தரும் என்றால் உளவியலாளரும் கால் மணி நேர மனிதராகத்தான் ஆவார்.

இப்போது இதைக் கற்றுக்கொடுப்பவரின் வாழ்க்கைக்கு வருவோம். இந்தத் துறையில் பேராசிரியர் ஆவதற்கென்று தனிப் பாதை எதுவும் கிடையாது. ஒருவர் சோதனை முறைகளில், அல்லது நரம்பு உளவியலில், அல்லது உடல்நல உளவியலில் முனைவராகி வேலைக்குச் சேர்ந்திருப்பார். பிறகு எப்போதோ இதில் இழுபட்டு, தானே மாணவராக உட்கார்ந்து மருந்தியல் படிப்பார். ஃபேர்லி டிக்கின்சனில் இந்தப் படிப்பைப் பல ஆண்டுகள் நடத்திய ராபர்ட் மெக்ராத், உளவியல் அளவீட்டிலும் மனிதர்களின் குணநலன்கள் பற்றிய ஆய்விலும் பேர் பெற்றவர். மருந்தியல் அவருடைய பணியில் இன்னொரு கை. பாதுகாப்புத் துறைத் திட்டத்தில் படித்த கடற்படை உளவியலாளர் மார்கன் சாமன்ஸ் பின்னாளில் கலிஃபோர்னியாவில் கல்லூரித் தலைவராக இருந்தார். நியூ மெக்சிகோவில் எலெய்ன் லெவின் கிளினிக் நடத்திக்கொண்டே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயிற்சித் திட்டத்தைக் கட்டினார். மூவரும் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்.

படிப்பை நடத்துவது என்பதில் பாடம் எடுப்பது சிறு பங்குதான். உடலியங்கியலை மருத்துவரும் மருந்தின் வேதியியலை மருந்தாளுநரும் எடுப்பார்கள், அவர்களைப் பிடித்து, ஒரே மொழியில் பேசவைத்து, எல்லாவற்றையும் ஒரு நோயாளியிடம் கொண்டுவந்து இணைக்கும் வேலை உளவியலாளருடையது. அதற்குமேல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் வாங்க வேண்டும், சில ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். 2000-இல் தொடங்கிய சங்கத்தின் ஐம்பத்தைந்தாம் பிரிவு இந்தத் துறைக்கானது, அதில் பொறுப்பு வரும். பிறகு தேர்வு. உளவியலாளர்களுக்கான உளமருந்தியல் தேர்வில் நரம்பறிவியல், மருந்தியல் முதல் சட்டமும் ஒழுக்க நெறியும் வரை பல பகுதிகள். முதலில் சங்கமே நடத்தியது, இப்போது மாநில உளவியல் வாரியங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. இது தவிர, எந்த மாநிலத்தில் மசோதா வந்தாலும் சாட்சி சொல்லப் போக வேண்டும். சட்டமன்றக் குழுவின் முன் மூன்று நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டும், அடுத்து மனநல மருத்துவர் சங்கத்தின் ஆள் எழுந்து நோயாளிகள் சாவார்கள் என்பார்.

ஆய்வுக் கட்டுரை விஷயத்தில்தான் இவர்களுக்குப் பெரிய தலைவலி. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், கட்டுரைக்குத் தரவு வேண்டும், தரவுக்கு மருந்து எழுதும் உளவியலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும், அவ்வளவு பேர் இல்லை. அதனால் நெடுங்காலம் இந்தத் துறையில் வந்தவை பாடத்திட்ட விவாதங்கள், கருத்துக் கணிப்புகள், ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய வாதக் கட்டுரைகள். ஆதரவாளர்கள் விபத்து எதுவும் நடக்கவில்லை என்பதையே சான்றாக நீட்டினார்கள். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது விபத்து இல்லாதது ஒன்றையும் நிரூபிப்பதில்லை என்பது புள்ளியியல் படித்த எந்த உளவியலாளருக்கும் தெரியும்.

எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து மட்டும் வருகிறது என்று நினைத்தால் அது தவறு. உளவியலுக்குள்ளேயே, குறிப்பாக அறிவியல் சார்ந்த மருத்துவ உளவியலை வலியுறுத்துகிற அணியினரும், மருத்துவக் கல்லூரிகளிலேயே வேலை பார்க்கும் சில உளவியலாளர்களும், இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: 400 மணி நேரம் போதுமா? செவிலியர்களும் மருத்துவ உதவியாளர்களும் மருந்து எழுதும் முன் உடம்பைப் பற்றி இதைவிட எவ்வளவோ அதிகம் படிக்கிறார்களே? ஆதரவாளர்களின் பதில், ஒரு குடும்ப மருத்துவர் சில வார மனநலப் பயிற்சியோடு மனச்சோர்வு மருந்து எழுதுகிறார், எங்களுக்கோ மனநோயில் ஏழெட்டு ஆண்டு அனுபவம் இருக்கிறது என்பது. எனக்கு இது பாதிப் பதிலாகத்தான் தெரிகிறது. ஏனென்றால் எதிர்த்தரப்பு கேட்டது மனதைப் பற்றி அல்ல, சிறுநீரகத்தைப் பற்றி. மனநல மருத்துவர் சங்கம் எழுப்பும் கூச்சலில் தொழில் எல்லையைக் காக்கும் அவசரம் அப்பட்டமாகத் தெரிகிறது, அதைத் தள்ளிவிடலாம். சொந்த வீட்டுக்குள்ளிருந்து வரும் இந்தக் கேள்வியைத் தள்ள முடியாது. நல்ல பயிற்சியாளர்கள் அதைத் தள்ளவும் இல்லை, 300 மணி 400 ஆனதில் இந்த நெருக்கடிக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

மாநிலங்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன. அமெரிக்க ஆளுகையில் உள்ள குவாம் தீவு 1990-களின் இறுதியிலேயே கதவைத் திறந்தது. 2002-இல் நியூ மெக்சிகோ: 450 மணி வகுப்பு, உடல் பரிசோதனைக்கு 80 மணி, குறைந்தது 100 நோயாளிகளோடு 400 மணி பயிற்சி, தேர்வு, அதன்பின் இரண்டு ஆண்டு மேற்பார்வையில் நிபந்தனைச் சான்றிதழ். 2004-இல் லூசியானா, நோயாளியின் முதன்மை மருத்துவரோடு கலந்துபேசியே எழுத வேண்டும் என்றது அதன் சட்டம். சில ஆண்டு கழித்து இவர்களை உளவியல் வாரியத்திடமிருந்து மருத்துவ வாரியத்தின் கீழ் கொண்டுபோய்விட்டார்கள், உளவியலாளர்களிலேயே பலருக்கு அதில் கோபம். 2014-இல் இல்லினாய் இன்னொரு எல்லைக்குப் போனது: பதினான்கு மாதப் பயிற்சி, குழந்தை மருத்துவம், அறுவைச் சிகிச்சை, அவசரப் பிரிவு என்று சுற்றிவர வேண்டும்; இத்தனைக்குப் பிறகும் 17 வயதுக்குக் கீழே, 65-க்கு மேலே, கர்ப்பிணிகள் யாருக்கும் எழுதக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2016 அயோவா, 2017 ஐடஹோ, 2023 கொலராடோ, 2024 யூட்டா. இவை தவிர ராணுவம், பொதுச் சுகாதாரச் சேவை, பூர்வகுடியினருக்கான சுகாதாரச் சேவை ஆகியவற்றில் இடம் உண்டு.

ஓர் ஆசிரியருக்கு இதன் பொருள், ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் வெவ்வேறு சட்டங்களுக்காகப் படிக்கிறார்கள் என்பது. இல்லினாய்க்காரருக்குப் போதாதது நியூ மெக்சிகோக்காரருக்கு ஏற்கெனவே போதும். வகுப்பை எப்படியாவது நடத்திவிடலாம், பயிற்சிதான் சிக்கல். நேரில் பார்க்க வேண்டிய அந்த நூறு நோயாளிகள் எங்கிருந்து வருவார்கள்? ஒரு மருத்துவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் வராது, சக மருத்துவர்களின் முணுமுணுப்பு மட்டும் வரும். அதனால் திட்ட இயக்குநரின் நாட்காட்டியில் கணிசமான பகுதி கிராமப்புற கிளினிக்குகளுக்குப் போன் போடுவதிலும், ஒப்பந்தம் எழுதுவதிலும், ஒப்புக்கொண்ட குடும்ப மருத்துவர் ஓய்வுபெற்றதும் அடுத்தவரைத் தேடுவதிலும் போகிறது. நியூ மெக்சிகோவிலும் லூசியானாவிலும் இப்போது பழைய மாணவர்களே மூத்தவர்களாகிவிட்டதால் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. புதிதாக வந்த கொலராடோவுக்கும் யூட்டாவுக்கும் அந்த வசதி இன்னும் இல்லை. சட்டம் கையில் இருக்கிறது, மாணவர்கள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஏற்கெனவே மருந்து எழுதிப் பழகிய உள்ளூர் உளவியலாளர்கள் கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.